பெட்டியில் தொடங்குங்கள்: வீட்டிலிருந்தே மினியேச்சர் கிரவுட்ஃபண்டிங்

பொருளைச் செய்வதற்கு முன்பே இணையத்தில் பலரிடம் காசு திரட்டும் (கிரவுட்ஃபண்டிங்) தளம் கிக்ஸ்டார்ட்டர். அதில் மேசை விளையாட்டுக்கான மினியேச்சர் பொம்மை செட் ஒன்றை இறக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை பொம்மை போடலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "எந்தப் பெட்டியில் அனுப்பப் போகிறீர்கள்?" பாதிப் பேருக்கு இது பிடிப்பதில்லை. யாளி, பூதம், வேதாளம் என்று உற்சாகமாக வந்தவரிடம் அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேசினால் முகம் சுருங்கத்தான் செய்யும். நான் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவள். வாடிக்கையாளர் கைக்குப் பத்திரமாகப் போய்ச் சேராத பொருளை அங்கே விற்ற கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இப்போது பட்டர்வொர்த் வீட்டின் பின்னறையில் தம்பி கணினியில் சிற்பம் செதுக்குகிறான். அச்சு, கணக்கு, தபால் மூன்றும் என் பொறுப்பு. அதனால் தபாலில் ஆரம்பித்து, கடைசியில்தான் சிற்பத்துக்கு வரப்போகிறேன்.

பெட்டி

கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அந்தக் கன எடை, நிஜ எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். 20 × 15 × 8 பெட்டி என்றால் 0.48 கிலோ. அதே பொம்மைகளைத் தாராளமாக 30 × 20 × 12 பெட்டியில் வைத்தால் 1.44 கிலோ. உள்ளே இருக்கும் பத்து ரெசின் (புறஊதா வெளிச்சத்தில் இறுகும் பிசின்) பொம்மைகளின் எடை ஐம்பது கிராமை ஒட்டித்தான் வரும். மீதி முழுக்கக் காற்று. அந்தக் காற்றுக்கும் அமெரிக்கா வரை காசு கட்ட வேண்டும்.

ஆகவே சிற்பம் முடிவதற்கு முன்பே பெட்டியை முடிவு செய்யுங்கள். கடையில் கிடைக்கும் அளவுகளில் மூன்று நான்கை வாங்கி, ஏதாவது பழைய பொம்மைகளைப் பஞ்சில் வைத்து மூடி, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். தட்டையாக விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மூலையில் விழும்போதுதான் வாள் முனையும் ஈட்டியும் உடையும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஈட்டி செதுக்கினால் தபாலில் தாங்காது என்பதைத் தம்பிக்கு நான் இப்படித்தான் புரியவைத்தேன். வாயால் சொன்னபோது, "அது அழகைக் கெடுத்துடும்கா" என்றான். உடைந்த ஐந்து ஈட்டிகளைக் கையில் கொடுத்ததும் பேசாமல் போய்த் தடிமனைக் கூட்டினான்.

ரெசினா, ஈயமா?

நம் ஊர்க்காரர்களுக்கு ஈயத்தின் மேல், அதாவது வெள்ளீயத்தின் மேல், ஒரு பாசம் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பங்கள் (ஈயச் சுரங்கங்கள்), 1885-இல் கோலாலம்பூரில் தொடங்கிய ராயல் சிலாங்கூரின் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) பாத்திரங்கள் என்று கதையும் இருக்கிறது. "மலேசிய வெள்ளீயத்தில் வார்த்த யாளி" என்று விளம்பரத்தில் எழுதினால் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வெள்ளீயம் ரெசினைப்போல் ஆறு மடங்குக்கு மேல் கனம். மனித உருவப் பொம்மைகளில் சமாளித்துவிடலாம். உள்ளங்கை நிறையும் யாளியை வார்த்தால் தபால் செலவு பொம்மை விலையைத் தொட்டுவிடும். போதாததற்கு, ரப்பர் அச்சைச் சுழற்றி வார்க்கும் முறையில் உள்வளைவுகள் அதிகமான உருவங்கள் சிக்கிக்கொள்ளும். யாளியின் துதிக்கையும் பிடரியும் அந்த ரகம். முதல் செட் ரெசினில் இருக்கட்டும் என்பது என் கருத்து. பிளாஸ்டிக் ஊசிவார்ப்புக்கு எஃகு அச்சு வேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்தால் ரெசின்மேல் தானாக அன்பு வரும்.

ரெசின் பிரிண்டரில் ஒரு சௌகரியம்: தட்டில் ஒரு பொம்மை இருந்தாலும் பத்து இருந்தாலும் ஒரே நேரம்தான் ஆகும். ஒவ்வொரு அடுக்கும் ஒரே வெளிச்சத்தில் மொத்தமாக இறுகுவதால் உயரம்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. தாங்கிகளோடு (அச்சாகும்போது பொம்மையைப் பிடித்திருக்கும் மெல்லிய குச்சிகள்) சாய்த்து வைத்த 32 மில்லிமீட்டர் பொம்மை 45 மில்லிமீட்டர் உயரம் வரும். 0.05 மில்லி அடுக்கு என்றால் 900 அடுக்கு. அடுக்குக்குப் பத்து விநாடி வைத்தால் இரண்டரை மணி நேரம்.

இப்போது 300 பேர் ஆளுக்குப் பத்து பொம்மை கேட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 3000 பொம்மை, கெட்டுப்போவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்து 3300. தட்டுக்குப் பத்து வீதம் 330 தட்டு, 825 மணி நேரம். பயப்பட வேண்டாம், அது இயந்திரத்தின் நேரம். இன்னொரு பிரிண்டர் வாங்கினால் பாதியாகிவிடும்.

கை வேலைதான் உண்மையான சுமை. அச்சான பொம்மையை ஆல்கஹாலில் கழுவி, தாங்கிகளை எடுத்து, உலர்த்தி, புறஊதா வெளிச்சத்தில் இறுக்கி, விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்துப் பையில் போட, பழகிய கைக்கே பொம்மைக்கு நான்கு நிமிடம் பிடிக்கும். 3300 பொம்மைக்கு 220 மணி நேரம். நெத்திலிக்குத் தலை கிள்ளுவது மாதிரி அலுப்பான வேலை, அதே அளவு கவனமும் வேண்டும். பொம்மையை இறுக்குவதற்கு முன்பு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டுத் தாங்கிகளை எடுங்கள். மென்மையாகக் கழன்று வரும், தழும்பும் குறையும். இறுக்கிய பிறகு இழுத்தால் தாடையிலும் அக்குளிலும் குழி விழும். விளக்கின் கீழ் நான் முதலில் பார்ப்பதே அந்த இரண்டு இடங்களைத்தான். பிறகு பாதம், அடுத்து ஆயுத முனை. முகத்தைக் கடைசியில் பார்ப்பேன், ஏனென்றால் முகம் நன்றாக இருந்துவிட்டால் மற்ற குறைகள் கண்ணில் படாது.

நைட்ரைல் கையுறை கட்டாயம். இறுகாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் போகாது. ஆல்கஹால் டப்பாவைச் சாமி விளக்கு ஏற்றும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வையுங்கள். ஜன்னல் இல்லாத அறையில் இந்த வேலையே வேண்டாம்.

மாதத்துக்கு உங்களால் எத்தனை மணி நேரம் கை வேலை செய்ய முடியும் என்று பார்த்து, அதை வைத்து எத்தனை செட் என்று எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துங்கள். ஒவ்வொரு பிளெட்ஜுக்கும் (ஆதரவாளர் காசு கட்டித் தேர்ந்தெடுக்கும் தொகுப்பு) உச்சவரம்பு வைக்கும் வசதி கிக்ஸ்டார்ட்டரில் இருக்கிறது. நிறையப் பேர் அதைத் தொடுவதே இல்லை.

இலக்குத் தொகை

கிக்ஸ்டார்ட்டரில் இலக்கைத் தொட்டால்தான் காசு, தொடாவிட்டால் ஒரு சென்னும் இல்லை. அதனால் இலக்கைச் சும்மா சின்னதாகப் போட்டு, "முதல் மணி நேரத்திலேயே எட்டிவிட்டோம்" என்று பதாகை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. சின்ன இலக்கை மட்டும் தொட்டு நின்றுவிட்டால், போதாத காசை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பொருள் அனுப்ப வேண்டிய கடமை உங்கள் தலையில் விழும்.

ஒரு மாதிரிக் கணக்கு. பிளெட்ஜ் 60 சிங்கப்பூர் வெள்ளி (ஏன் சிங்கப்பூர் என்பதைக் கீழே சொல்கிறேன்). தளத்தின் பங்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் காசு கைமாறும் செலவு, கடன் அட்டை செல்லாமல் போகிறவர்கள் என்று எல்லாவற்றுக்கும் 10 விழுக்காடு ஒதுக்கினால் கையில் 54. பத்து பொம்மை செய்ய 16, பெட்டி பஞ்சு அட்டைக்கு 4. மிச்சம் 34. சிற்பம், வண்ணம் தீட்டிய மாதிரிகள், படம், பிரிண்டர் எல்லாம் சேர்த்து நிலைச்செலவு 5100 என்றால் 150 பேர் வேண்டும். இலக்கு 9000. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், வரிசை இதுதான். வருகிற காசு வெளிநாட்டு நாணயம், செலவு ரிங்கிட். ஆகவே இன்றைய மாற்று விகிதத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே கணக்குப் போடுங்கள்.

தபால் செலவை இதில் சேர்க்காதீர்கள். பிரச்சாரத்திலேயே வாங்கினால் அந்தப் பணத்துக்கும் தளம் பங்கு எடுக்கும், அனுப்பும் நாளில் கட்டணமும் ஏறியிருக்கும். பேக்கர்கிட் மாதிரியான பிளெட்ஜ் மேலாளரில் (பிரச்சாரம் முடிந்தபின் முகவரியும் மீதிக் காசும் வாங்கும் தளம்), அனுப்புவதற்குச் சற்று முன்பு வசூலியுங்கள். வரியும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான இறக்குமதிக்கு இருந்த வாட் வரி விலக்கை 2021 ஜூலையில் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரைக்குமான சுங்கவரி விலக்கை 2025 ஆகஸ்ட் 29-இல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. "வரி எங்கள் பொறுப்பு" என்று பக்கத்தில் எழுதிவிட்டால், பிறகு விகிதம் எங்கே போனாலும் உங்கள் பைதான் இளைக்கும்.

அப்புறம் ஸ்ட்ரெட்ச் கோல், அதாவது இலக்கைத் தாண்டிக் காசு சேரச் சேர ஆதரவாளர்களுக்குக் கூடுதலாகத் தருவது. 2012-இல் டெக்சஸின் ரீப்பர் என்ற மினியேச்சர் நிறுவனம் தன் போன்ஸ் பொம்மை வரிசைக்காக 17,744 பேரிடமிருந்து 34 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. காசு ஏற ஏறப் பெட்டியில் பொம்மைகளும் ஏறிக்கொண்டே போயின. அதைப் பார்த்து இலவச பொம்மை கொடுக்கக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. ரீப்பர் அப்போதே இருபது வருடக் கம்பெனி. நம்மிடம் இருப்பது பின்னறை. தம்பி ஒருநாள், "அக்கா, இன்னும் ஒரு பூதம் போட்டா என்ன?" என்றான். "போடுப்பா, அதுக்குப் பெட்டியும் நீயே செஞ்சிடு" என்றேன். கனமில்லாத பரிசுகளாகக் கொடுங்கள்: வேறு நிலையில் நிற்கும் அதே உருவத்தின் எஸ்டிஎல் கோப்பு (வாங்குபவரே அச்சடித்துக்கொள்ளும் முப்பரிமாணக் கோப்பு), விளையாட்டுக் குறிப்பு அட்டையின் டிஜிட்டல் பிரதி, இப்படி.

சொல்லப்போனால், முதல் முயற்சியை முழுக்க எஸ்டிஎல் கோப்புகளாகவே விற்பதும் நல்ல யோசனை. பெட்டியே கிடையாது. அச்சடித்து விற்க விரும்பும் கடைக்காரர்களுக்கு வணிக உரிமம் என்று தனிப் பிளெட்ஜ் வைக்கலாம்.

பதிவு

கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இருக்கிறது, மலேசியா இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகன் பெயரை "சும்மா" போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யார் பெயரில் கணக்கோ அவர் பெயரில்தான் வருமானம், வரி, சட்டப் பொறுப்பு எல்லாம். அங்கே உண்மையான கூட்டாளி இருந்து, ஒப்பந்தம் எழுதி, அவரும் லாபத்தில் பங்கு எடுத்தால் சரி. இல்லையென்றால் உங்கள் நாட்டை ஏற்கும் வேறு தளத்தைத் தேடுங்கள்.

இங்கே மலேசியாவில் எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) வணிகப் பதிவு சுலபம்: சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. டிசம்பரில் பணம் வந்து அடுத்த வருடம் செலவு ஆகும்படி பிரச்சாரம் வைத்தால் வரிக் கணக்கில் தலைவலி. முன்கூட்டியே கணக்காளரிடம் பேசுங்கள்.

என்ன செதுக்கலாம்

கோயில் தூண்களில் யாளியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வெளிநாட்டு விளையாட்டுக்காரருக்கு அது புதுசு, அவர் விளையாடும் எந்த ஆட்டத்திலும் நுழையும். ஆனால் முனீஸ்வரரையும் காளியம்மனையும் பகடை உருட்டி வெட்டும் அரக்கர்களாக நான் செய்ய மாட்டேன். வியாபாரம் என்று வந்தாலும் தெருமுனைக் கோயிலைத் தாண்டித்தானே தபால் நிலையம் போகிறேன்.

அடுத்தவர் உருவங்களையும் தொடாதீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் 5.1 விதிக் குறிப்புகள் 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு உங்கள் யாளிக்கு விளையாட்டு எண்கள் எழுதலாம். அதற்காக அவர்களுடைய பீஹோல்டர் என்ற அரக்கனைச் செதுக்கி விற்க முடியாது.

பக்கமும் நேரமும்

கணினிப் படம் மட்டும் போட்டால் நம்ப மாட்டார்கள். அச்சடித்த பொம்மையை, தாங்கித் தழும்பு தெரிந்தாலும் பரவாயில்லை, அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். பொம்மை நிற்கும் 25 மில்லிமீட்டர் அடித்தட்டு நம் 50 சென் காசைவிடச் சற்றே பெரியது, ஆனால் ஓஹையோக்காரருக்கு 50 சென் தெரியாது. ஏஐ பயன்படுத்தியிருந்தால் அதைப் பக்கத்தில் சொல்வது 2023 ஆகஸ்ட் முதல் கிக்ஸ்டார்ட்டரில் விதி.

பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே பின்தொடர்பவர்களைச் சேருங்கள். டிசம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் காமிக் ஃபியெஸ்டா கண்காட்சியில் மேசை கிடைத்தால், விற்பனையைவிட மின்னஞ்சல் முகவரி வாங்குவதில் குறியாக இருங்கள்.

செவ்வாய் இரவு பத்து மணிக்குத் திறந்தால், கோடைக்காலத்தில் நியூயார்க்கில் காலை பத்து, லண்டனில் மாலை மூன்று. முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும்தான் பரபரப்பு. நடுவில் எண் அசையாமல் கிடக்கும், அப்போது பதற்றத்தில் புதுப் பொம்மை அறிவிக்காதீர்கள். முடிந்த பிறகு, செல்லாத அட்டைகளைச் சரிசெய்ய ஆதரவாளர்களுக்கு ஏழு நாள், உங்கள் கைக்குப் பணம் வர ஏறக்குறைய இரண்டு வாரம்.

அனுப்பும் மாதத்தைச் சொல்லும்போது நம் ஊர் நாள்காட்டியைப் பாருங்கள். சீனப் புத்தாண்டில் அட்டைப்பெட்டிக்காரர் கடையைச் சாத்துவார். தீபாவளி வாரத்தில் தங்கைகள் பொதி கட்ட வருவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள், முறுக்கு பிழிய வேண்டும். நவம்பர், டிசம்பரில் உலகத் தபாலே திணறும். நான் எப்போதும் மார்ச்சுக்குப் பிறகு ஒரு மாதத்தைத்தான் எழுதுவேன்.

பொதி கட்டும்போது ஒவ்வொரு உருவத்திலும் சில உதிரிகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உடைந்தது என்று படம் அனுப்பினால் வாதாடாமல் அந்த ஒரு பொம்மையை மட்டும் உறையில் போட்டு அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்தும் மிஞ்சும் உதிரிகளைச் செட்டாகச் சேர்த்து, அடுத்த கண்காட்சி மேசையில் விற்றுவிடலாம்.