கூரை ஒழுகினால் வெதரைசேஷன் வேலை நின்றுவிடும்

அமெரிக்காவில் 1976 முதல் இருக்கும் வெதரைசேஷன் (குளிரும் வெப்பமும் வீட்டைத் தாக்காமல் தடுக்கும் வேலை) உதவித் திட்டத்தில், குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 200 சதவீதத்துக்குள் இருந்தால் வீட்டின் காற்றுக் கசிவை இலவசமாக அடைத்துத் தருவார்கள். வாடகை வீட்டுக்கும் உண்டு, வீட்டு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். வருமானச் சான்று, கரண்ட், கேஸ் பில்களை எடுத்து வையுங்கள்.

பலருக்கு வேலை தள்ளிப்போவது கூரை ஒழுகல், பூஞ்சை, பழைய வயரிங் ஆகியவற்றால்தான். ஈரக் கூரைக்கடியில் இன்சுலேஷன் (வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு) போட்டால் ஊறி வீணாகும்; முதலில் ஒழுகலைச் சரிசெய்யுங்கள்.

காற்று எங்கே கசிகிறது என்று பார்க்கும் சோதனையன்று வாசலில் பெரிய ஃபேன் பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வரும்வரை காற்றை வெளியே இழுப்பார்கள். அப்போது சுவிட்ச் பெட்டியருகே கை வைத்தாலே சில்லென்று தெரியும். முந்தின நாளே கணப்பை அணைத்துச் சாம்பலை அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கூடமெல்லாம் பறக்கும்.