பழைய லாரியில் ஸ்பிரிங் பட்டை சத்தமா?

மேடுபள்ளத்தில் ‘கீச்’ என்றால் பெரும்பாலும் ஷாக்கிள் பின் (பட்டை முனையை வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு இணைக்கும் இரும்பு முளை) வறண்டிருக்கும். சேஸை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, அந்தப் பின்மேல் உள்ள பாரத்தை இறக்கிவிட்டுக் கிரீஸ் அடியுங்கள். பாரத்தோடு அடித்தால் தேய்கிற பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. பழைய கிரீஸ் இரு ஓரமும் பிதுங்க வேண்டும். ஏறவே இல்லையா? கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளை மாற்றிப் பாருங்கள். கடப்பாரையால் நெம்பும்போது ஷாக்கிள் பின் ஆடினால் கிரீஸ் வீண்செலவு. பின்னையும் அது உட்காரும் உறையான புஷ்ஷையும் சேர்த்தே மாற்றுங்கள். ரப்பர் புஷ் என்றால் கிரீஸே வேண்டாம், ரப்பர் ஊறிக் கெடும்.

பிரேக் பிடிக்கும்போது ‘டங்’ என்றால் பட்டையை ஆக்சிலோடு (அச்சோடு) கட்டும் யூ போல்ட்டைப் பாருங்கள். நட்டைச் சுற்றித் துருப்பொடி வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது. வண்டி தரையில் நிற்கும்போதே குறுக்கு மறுக்காக முறுக்குங்கள். அதற்கு முன், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் முறியவில்லையே என்று பார்த்துவிடுங்கள். முறிந்திருந்தால் ஆக்சில் நகர்ந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.