வீட்டில் கார் ஆயில் மாற்றப் போகிறீர்களா? முதலில் ஆயில் நட்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றிப் பழக நினைப்பவர்கள் எந்த ஆயில், எந்த ஃபில்டர் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கி நிற்கும் தொட்டிதான் சம்ப். அதன் அடியில் இருக்கும் ஒற்றை போல்ட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பட்டறையில் அதற்கு ‘ஆயில் நட்டு’ என்று பெயர். உதிரிபாகக் கடையில் ‘டிரெயின் பிளக்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். எஞ்சினில் இருக்கும் மூன்று, நான்கு லிட்டர் ஆயிலும் ரோட்டில் கொட்டாமல் இருப்பது அந்த நட்டால்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்த பிறகு. பழைய நட்டின் தலை தேய்ந்திருந்ததால், இங்கே குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் “14 எம்எம் ஆயில் நட்டு” என்று மட்டும் சொல்லி ஒன்று வாங்கிவந்தேன். இரண்டு சுற்று ஏறியதும் இறுகியது. சரி, புது நட்டு, அப்படித்தான் இருக்கும் என்று ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். சம்ப் அலுமினியம், நட்டு இரும்பு. உள்ளே இருந்த மரை, அதாவது திருகு வரிகள், முழுவதும் பிய்ந்து வந்துவிட்டது. நட்டின் விட்டம் 14 எம்எம் சரிதான். ஆனால் மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி 1.25 எம்எம். என் வண்டிக்கு வேண்டியது 1.5. அந்தக் கால் மில்லிமீட்டருக்காக வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

படி 1: அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆயில் நட்டின் அளவை ‘எம் 14 × 1.5’ என்கிற மாதிரி எழுதுவார்கள். முதல் எண் மரையின் விட்டம், இரண்டாவது எண் மரை இடைவெளி. மாருதி, ஹூண்டாய், ஹோண்டா வண்டிகள் பெரும்பாலானவற்றில் எம் 14 × 1.5 வரும். டொயோட்டா, நிசான் வண்டிகள் பலவற்றில் எம் 12 × 1.25. இதை ஒரு அறிமுகத்துக்குத்தான் சொல்கிறேன். இதை வைத்து வாங்கிவிடாதீர்கள். ஒரே மாடலில் பெட்ரோல் எஞ்சினுக்கு ஒன்று, டீசல் எஞ்சினுக்கு ஒன்று என்று மாறலாம்.

ஸ்பேனர் அளவையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 17 ஸ்பேனர் போடும் நட்டின் மரை 17 அல்ல. தலையின் அளவு வேறு, மரையின் அளவு வேறு. ரெனோ வண்டிகள் பலவற்றில் வெளியே அறுகோணத் தலையே இருக்காது. உள்ளே 8 எம்எம் சதுரக் குழிதான் இருக்கும், அதற்குத் தனிச் சாவி வேண்டும்.

படி 2: கழற்றுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்

ஆயிலை இறக்கிய பிறகு நட்டைத் தேடிப் போக வண்டி இருக்காது. குலசேகரம் பக்கமோ அருமனை பக்கமோ உள்ளே இருப்பவர்களுக்கு, கடைக்குப் போய்வரவே அரை நாள் போய்விடும். ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு போங்கள். அந்த எண்ணைச் சொன்னால், கம்பெனி உதிரிபாகக் கவுண்டரில் உங்கள் வண்டிக்கு உரிய நட்டைக் கணினியில் பார்த்துத் தருவார்கள். கூடவே வாஷர், அதாவது நட்டின் தலைக்கும் சம்ப்புக்கும் நடுவில் வரும் வளையம், இரண்டு வாங்குங்கள். ஒன்று இப்போதைக்கு, இன்னொன்று அடுத்த முறைக்கு.

முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது இதுதான்: கம்பெனி போட்டு அனுப்பிய அதே சாதாரண நட்டையே வாங்குங்கள். மரை நன்றாக இருந்தால் பழையதையே திரும்பப் போடலாம், வாஷரை மட்டும் மாற்றினால் போதும். வாஷர் ஏன் புதிதாக வேண்டும் என்றால், செம்போ அலுமினியமோ, நட்டு இறுகும்போது அது நசுங்கித்தான் இடைவெளியை அடைக்கிறது. ஒரு முறை நசுங்கியது அடுத்த முறை அதே போல நசுங்காது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகள் பலவற்றில் வாஷர் நட்டோடு சேர்ந்தே வரும், தனியாகக் கழற்ற முடியாது. அங்கே ஒவ்வொரு முறையும் நட்டையே மாற்ற வேண்டும்.

கசிவுக்குப் பயந்து டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குழாய்க்கு உரியது. இங்கே வேண்டாம்.

காந்த நட்டு, வால்வு நட்டு

காந்தம் வைத்த நட்டு ஆயிலில் மிதக்கும் இரும்புத் துகளைப் பிடித்து வைக்கும். கழற்றும்போது முனையில் மைபோலச் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். துணியால் துடைத்துவிடலாம். கையில் குத்துகிற அளவுக்குச் சீவல்கள் இருந்தால் மெக்கானிக்கைப் பாருங்கள். எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லும் என்பதற்காகவே எனக்குக் காந்த நட்டு பிடிக்கும். ஆனால் காந்தத்தைப் பசை வைத்து ஒட்டிய மலிவு நட்டு வேண்டாம். வெந்நீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடேறும் ஆயிலில் அந்தப் பசை எத்தனை நாள் நிற்கும்?

வால்வு நட்டில் ஒரு சிறிய நெம்பு இருக்கும். அதைத் திருப்பினால் ஆயில் இறங்கிவிடும், ஸ்பேனர் வேண்டாம். ஜப்பானின் ஃபுமோட்டோ இதில் பெயர் பெற்றது. வசதிதான். ஆனால் சாதாரண நட்டைவிட இது கீழே தொங்கும். நம் ஊர் ரப்பர் தோட்டத்துச் சரளைப் பாதையையும், ஊர் முகப்புக்கு முகப்பு இருக்கும் வேகத்தடைகளையும் நினைத்துப் பாருங்கள். சம்ப்பின் அடிமட்டத்துக்கும் கீழே வால்வு நீட்டிக்கொண்டிருக்குமானால் என் வண்டியில் நான் போட மாட்டேன். நட்டு சம்ப்பின் பக்கவாட்டில் இருந்து, கீழே பாதுகாப்புத் தகடும் இருந்தால் யோசிக்கலாம். வால்வின் துளை சிறியது என்பதால் ஆயில் இறங்க நேரம் பிடிக்கும்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் நட்டின் தலையில் துரு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். உப்புக்காற்று அரித்து முனை மழுங்கிய தலையில் ஸ்பேனர் வழுக்கும். அப்படிப்பட்ட நட்டை மறுபடி போடாமல் மாற்றிவிடுவதே நல்லது.

படி 3: வண்டியைத் தூக்குதல்

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் இரண்டு வைத்து, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகுதான் உள்ளே தலை போக வேண்டும். நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நனைந்த செம்மண் முற்றத்தில் ஜாக்கி புதையும், ஸ்டாண்டும் புதையும். சிமெண்டுத் தரையில் மட்டும் செய்யுங்கள். முற்றத்தில் சிமெண்டு இல்லாவிட்டால் மழைக்காலம் முடியட்டும்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் இளகும். திருவனந்தபுரம் போய்வந்த சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும்.

படி 4: கழற்றுதல், ஒப்பிடுதல்

கியர்பாக்ஸுக்கும் இதே மாதிரி ஒரு நட்டு உண்டு. புதியவர்கள் அதைக் கழற்றிவிட்டு, எஞ்சினில் ஆயிலை இரட்டிப்பாக ஊற்றிவிடுவது உண்டு. நட்டு எஞ்சின் சம்ப்பில்தான் இருக்கிறதா என்று வண்டியின் கையேட்டுப் படத்தோடு ஒத்துப்பாருங்கள். ஆறு முனை சாக்கெட் போட்டு, நட்டின் தலையை நேராகப் பார்த்தபடி இடப்பக்கமாகத் திருப்புங்கள்.

ஆயில் வடிந்துகொண்டிருக்கும்போது பழைய நட்டையும் புதிய நட்டையும் துடைத்து, மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல்லோடு பல் பொருந்தி உட்கார வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் இடைவெளி வேறு. நீளமும் ஒத்திருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் பிடிமானம் குறையும்.

படி 5: விரலால் ஏற்றுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. புது வாஷரைப் போட்டு நட்டை விரலால் மட்டும் திருகுங்கள். வாஷர் சம்ப்பில் தொடும்வரை விரலாலேயே ஏற வேண்டும். நடுவில் இறுகினால் நிறுத்திக் கழற்றி, துடைத்து, நேராக வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் அந்த நட்டு உங்கள் வண்டிக்கு உரியது அல்ல. நான் அன்று நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

பிறகு டார்க் ரெஞ்சால், அதாவது எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனரால், கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். எம் 14 நட்டுக்குப் பல வண்டிகளில் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 18 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் அளவு, 35 நியூட்டன் மீட்டர். ஸ்பேனரில் பைப்பை மாட்டி முறுக்கவே முறுக்காதீர்கள்.

உள்மரை போயிருந்தால்

கொஞ்சம் பெரிய அளவில், தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் நட்டுகள் விற்கிறார்கள். அலுமினியச் சம்ப்பில் அதைப் போட்டால் கோணலாக ஏறி ஓட்டை இன்னும் பெரிதாகும், துகளும் உள்ளே விழும். ரப்பர் அடைப்பான் வண்டியைப் பட்டறைவரை கொண்டுபோக மட்டும்தான். துளையைச் சரியாக்கி எஃகு மரைச் சுருள் வைப்பதுதான் நிலையான தீர்வு. அதைத் தெரிந்தவர் கையில் விட்டுவிடுங்கள். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள், இன்றுவரை ஒரு சொட்டு கசியவில்லை.

கடைசியாகச் சோதனை

புது ஆயில் ஊற்றி, இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்திவிட்டு நட்டைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். இரவு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் கறை இருந்தால், உடனே இன்னும் முறுக்கத் தோன்றும். வேண்டாம். பழைய வாஷர் சம்ப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புது வாஷர் உட்கார்ந்திருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

பழைய ஆயிலைக் கேனில் அடைத்து, அதை வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். வாய்க்காலிலோ தென்னை மூட்டிலோ ஊற்ற வேண்டாம். அந்த வாய்க்கால் தண்ணீர்தான் வயலுக்கும் போகிறது. நட்டின் அளவு, ஸ்பேனர் அளவு, இறுக்கிய அளவு, தேதி எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி, மிச்சமிருக்கும் வாஷரோடு சேர்த்து டாஷ்போர்டு பெட்டியில் போட்டுவையுங்கள்.