ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐ தரவிலிருந்து மூளை இணைப்பைக் கணக்கிடுவது எப்படி?

பைதான் ஓரளவு வரும், நிஃப்டி (மூளைப் படத்தைச் சேமிக்கும்) கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எஃப்எம்ஆர்ஐ என்பது இரத்த ஆக்சிஜன் மாற்றத்தின் வழியே மூளையின் செயல்பாட்டைப் பதியும் ஸ்கேன். ஸ்கேனருக்குள் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருப்பவரின் மூளையிலும் இடது, வலது இயக்கப் புறணிகளின் (உடல் அசைவை ஆளும் மூளை மேலடுக்குப் பகுதிகளின்) சிக்னல் சேர்ந்தே ஏறி இறங்குகிறது. 1995-இல் பிஸ்வால் குழுவினர் காட்டியது இது. இப்படிச் சேர்ந்து மாறும் அளவையே இணைப்பு என்கிறோம்; அதையே மூளை முழுவதற்கும் கணக்கிடப்போகிறோம்.

முதலில் தரவு. சொந்த ஸ்கேன் என்றால் எஃப்எம்ஆர்ஐபிரெப்பில் (ஸ்கேனை ஆய்வுக்குத் தயார்செய்யும் மென்பொருள்) ஓட்டுங்கள். இல்லாவிட்டால் நைலேர்ன் (மூளைப் படங்களுக்கான பைதான் நூலகம்) வழியே இறங்கும் ஏடிஹெச்டி தொகுப்பு போதும், முன்செயலாக்கம் முடிந்தே வரும். நைலேர்ன் எடுத்துக்காட்டுகளில் அடிக்கடி வரும் 'டெவலப்மென்ட்' தொகுப்பு படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுடையது; அது ஓய்வுநிலை ஆகாது.

அடுத்து அட்லஸ், அதாவது மூளையைப் பகுதிகளாகப் பிரிக்கும் வரைபடம். பழகுவதற்கு ஷேஃபர் அட்லஸின் 100 பகுதிகளே என் தேர்வு. 400-ஐ எடுத்தால் கடைசியில் கிடைக்கும் தொடர்பு அணியைப் (மேட்ரிக்ஸ்) பார்த்து ஒன்றும் விளங்காது. ஷேஃபரில் புறணி மட்டும்தான் உண்டு. தலாமஸ், சிறுமூளை வேண்டுமானால் வேறு அட்லஸைச் சேர்க்க வேண்டும்.

இரைச்சல் நீக்கம்தான் பலரும் தடுக்கி விழும் இடம். 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டிவிட்டு, அப்புறம் வடிகட்டாத தலையசைவு அளவுகளை ரிக்ரெஷனில் கழித்தால், வடிகட்டிய அலைவெண்கள் சிக்னலுக்குள் திரும்ப நுழைந்துவிடும். வீட்டைப் பெருக்கிவிட்டுச் சேற்றுக் காலோடு உள்ளே வந்த கதைதான். சிக்னலுக்குப் போட்ட வடிகட்டியை அசைவு அளவுகளுக்கும் போட வேண்டும், அல்லது இரண்டையும் ஒரே படியில் செய்ய வேண்டும். நைலேர்ன் மாஸ்கரிடம் (பகுதிவாரியாக சிக்னலை எடுக்கும் கருவி) கன்ஃபவுண்ட்ஸ் (தலையசைவு போன்ற, கழிக்க வேண்டிய அளவுகள்), வடிகட்டி எல்லைகள், டிஆர் (ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) மூன்றையும் சேர்த்தே கொடுத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். டிஆர் மில்லிநொடியில் அல்ல, நொடியில் இருக்கட்டும்: எடுத்துக்காட்டாக 2, 2000 அல்ல.

எஃப்எம்ஆர்ஐபிரெப் கன்ஃபவுண்ட்ஸ் கோப்பின் முதல் வரிசையில் சில இடங்களில் எண்ணே இருக்காது. முதல் படத்துக்கு முந்தைய படம் இல்லையே, வித்தியாசத்தை எங்கிருந்து எடுப்பது? அங்கே பூஜ்யம் போடுங்கள். ஏ-காம்ப்கார் (வெள்ளைப்பொருள், மூளைத் தண்டுவட நீர் ஆகியவற்றின் சிக்னலிலிருந்து இரைச்சலைக் கணிக்கும் முறை) எடுப்பவர்கள், மெதுவான சரிவைக் குறிக்கும் கொசைன் நெடுவரிசைகளையும் விடாமல் எடுக்க வேண்டும்.

மொத்த மூளை சிக்னலைக் கழிப்பதா? ஆரம்பத்தில் வேண்டாம் என்பேன். கழித்தால் எதிர்மறைத் தொடர்புகள் கணக்கின் விளைவாகவே முளைக்கும் என்று மர்ஃபி குழுவினர் 2009-இலேயே காட்டிவிட்டார்கள்.

பிறகு பகுதிகளுக்கிடையே பியர்சன் தொடர்பெண், அதன்மேல் ஃபிஷர் இசட் (தொடர்பெண்களைச் சராசரி எடுக்கவும் ஒப்பிடவும் ஏற்றபடி மாற்றும் சூத்திரம்). இது ஒரு வரி வேலை.

கடைசியாக, ஒவ்வொருவரின் சராசரித் தலையசைவையும் இணைப்பு மதிப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அசைவு, அருகருகே உள்ள பகுதிகளின் இணைப்பைக் கூட்டியும் தொலைவில் உள்ளவற்றைக் குறைத்தும் காட்டும். குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒப்பிடும்போது வயதின் விளைவாகத் தெரிவது வெறும் அசைவாகவும் இருக்கலாம்.

பிற்சேர்க்கை: இசட் மாற்றத்துக்குப் பின் 'இன்ஃபினிட்டி' வருகிறதே என்று சிலர் கேட்டார்கள். அணியின் மூலைவிட்டத்தில் ஒவ்வொரு பகுதியும் தன்னோடேயே ஒப்பிடப்படுவதால் தொடர்பெண் 1 என்பதால் வருவது அது. மாற்றத்துக்கு முன்பே மூலைவிட்டத்தைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.