முதலில் மின்னஞ்சலைப் பூட்டுங்கள்

ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் போடுவதுதான் பெரிய ஆபத்து. ஏதோ ஒரு சின்னத் தளத்தில் அது கசிந்தால், மற்ற தளங்களிலும் அதையே போட்டுப் பார்ப்பார்கள். மின்னஞ்சலில் தொடங்குங்கள், மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து விழும். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் வையுங்கள்.

பிறகு பாதுகாப்பு அமைப்புகளில் இருபடிச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் வசதியை, இயக்குங்கள். அந்த எண்ணைக் குறுஞ்செய்தியில் பெறுவதைவிட, போனிலேயே அதை உருவாக்கும் அங்கீகாரச் செயலி (authenticator app) மேல். உங்கள் போன் எண்ணை யாராவது வேறு சிம்முக்கு மாற்றிக்கொண்டாலும், பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறும் அந்த ஆறு இலக்க எண் உங்கள் போனில்தான் இருக்கும். இருபடிச் சரிபார்ப்பை இயக்கும்போது தரப்படும், போன் இல்லாமலும் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். போன் தொலைந்ததும் பலர் தவிப்பது இது இல்லாமல்தான்.

போலித் தளத்தில் நீங்களே அந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுத்துவிட்டால் இந்தக் காவலும் உதவாது. செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.