சைலன்சர் திறந்த செயின்சா: புளியங்கட்டையில் வேகம் பார்ப்பது எப்படி?

செயின்சாவின் சைலன்சர் துளையைப் பெரிதாக்கினால் மரம் சீக்கிரம் அறுபடும் என்பார்கள். சோதித்துப் பார்க்க ஒரே மாடலில் இரண்டு மெஷின் தேவை: ஒன்று வாங்கியபடியே இருப்பது, இன்னொன்று சைலன்சர் திறந்தது. திறந்ததில் கார்புரேட்டரின் ‘ஹெச்’ திருகையும் (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) கொஞ்சம் திறந்து பெட்ரோலைக் கூட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடேறி பிஸ்டன் ஜாம் ஆகிவிடும்.

முதலில் கட்டை. மரம் அறுக்கும் மில்லில் கொடுத்து, புளியமரத்தை 25 செ.மீ. சதுரமாக அறுத்து வாங்குங்கள். உருண்டைக் கட்டை ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்திருக்கும், கணக்கு ஒத்துவராது. கணு இருக்கும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். பட்டை ஒட்டியிருந்தால் செதுக்கிவிடுங்கள், அதில் மண் இருக்கும்.

அடுத்தது செயின். இதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இந்த மெஷினில் மழுங்கிய செயின், அந்த மெஷினில் புதுசு என்றால் நீங்கள் அளப்பது எஞ்சினை அல்ல, அரத்தை. அதனால் ஒரே செயினை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் இழுத்துவிட்டுத் தொடங்குங்கள். விழும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சிறு சிறு சில்லாக இருந்தால் கூர் இருக்கிறது, மாவு போல இருந்தால் போய்விட்டது.

சரி, இனி அறுக்கலாம். கண்ணாடி, காதடைப்பு, காலுக்குப் பாதுகாப்பு உடுப்பு இல்லாமல் மெஷினைத் தொடாதீர்கள். பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நுனி மேல்பக்கம் எதிலும் படக்கூடாது, பட்டால் மெஷின் உங்கள் பக்கமாகத் துள்ளும்.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன் மெஷினைச் சூடேற்றிக்கொண்டு, திறக்காதது, திறந்தது, திறந்தது, திறக்காதது என்ற வரிசையில் அறுங்கள். வெட்டுக்கு வெட்டு செயின் மழுங்கும் அல்லவா? இந்த வரிசையில் அந்த நஷ்டம் இரண்டுக்கும் சமமாகப் போய்விடும். செயின் மாற்றும்போது எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு மாற்றுங்கள். அறுப்பவர் ஒருவரே. கையால் அழுத்த வேண்டாம், மெஷின் தன் எடையில் இறங்கட்டும். போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுங்கள், நேரத்தை அப்புறம் அதிலிருந்து எண்ணலாம்.

பரப்பு 25 × 25 = 625 சதுர செ.மீ. ஒரு வெட்டுக்கு 25 விநாடி ஆனால் விநாடிக்கு 25 சதுர செ.மீ. இதே வரிசையை இன்னும் இரண்டு முறை செய்து சராசரி எடுங்கள். ஒரே மெஷினின் வெட்டுகளுக்குள்ளேயே 3 விநாடி வித்தியாசம் வந்து, இரண்டு மெஷினுக்கும் இடையே 2 விநாடிதான் வந்தால், சைலன்சரால் வேகம் கூடியது என்று சொல்ல முடியாது.