டிரசர் என்றால் அலமாரி இல்லை: தாத்தா காலத்து வேலைப் பெயரைப் படிப்பது எப்படி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. ரப்பர் தோட்டத்து ஆபீஸ் படிக்கட்டு, நடுவில் நாற்காலியில் துரை, அதாவது மேனேஜர், இரண்டு பக்கமும் ஸ்டாஃப் ஆட்கள், ஓரத்தில் வெள்ளைக் கால்சட்டையோடு தாத்தா. அடியில் ஆட்களின் பெயர் கிடையாது, ஆங்கிலத்தில் பதவி மட்டும்தான்: மேனேஜர், கண்டக்டர், சீஃப் கிளார்க், டிரசர். போன தீபாவளிக்கு வந்த அண்ணன் மகள் கைத்தொலைபேசியில் அகராதியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, தாத்தா நாடகத்துல இருந்தாரா? நடிகருக்கு உடை மாட்டி விடுறவர்னு போட்டிருக்கு. அலமாரின்னும் போட்டிருக்கு" என்று கேட்டாள். பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது, அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் தாத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர். உங்கள் வீட்டுப் பழைய படத்திலோ பத்திரத்திலோ இந்தச் சொல் இருந்தால் அதை எப்படிப் படிப்பது என்று எழுதி வைக்கத் தோன்றியது.

முதலில் பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். வேலைப் பெயர் தனியாக வராது, கூட்டத்தோடுதான் வரும். எங்கள் படத்தில் பக்கத்தில் நிற்கிற கண்டக்டர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் இல்லை, மேடையில் வாத்தியக்காரர்களுக்குக் கையசைத்தவரும் இல்லை. பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் ஆட்களை ரப்பர் காட்டுக்கு அனுப்பி வெளிவேலையைப் பார்த்தவர். அவரும் துரையும் கிராணியும் (கிளார்க்) இருக்கிற வரிசையில் டிரசர் என்று எழுதியிருந்தால் அது ஆஸ்பத்திரி ஆள்தான், வேறு பொருளைத் தேட வேண்டியதே இல்லை. இதே சொல் லண்டன் நாடக அரங்கத்துச் சம்பளப் பட்டியலில் இருந்தால் உடை மாட்டி விடுபவர். மரச்சாமான் ஏலப் பட்டியலில் இருந்தால், பிரிட்டனில் அடுக்களையில் தட்டு அடுக்குகிற அலமாரி, அமெரிக்காவில் படுக்கையறையில் இழுப்பறை வைத்த பெட்டி.

சரி, இவ்வளவு பொருளும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தது? இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். 'டிரெஸ்' என்ற வினைச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, அதன் வேர் லத்தீனில் 'நேரான' என்று பொருள்படுகிற சொல். துணிமணி அதற்குப் பின்னால் வந்து ஒட்டிய பொருள். பள்ளிக்கூடத்தில் கவாட் (அணிவகுப்புப் பயிற்சி) அடித்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. 'கே கானான், லுருஸ்' என்றதும் தலையை வலப்பக்கம் திருப்பிக் காலை நகர்த்தி வரிசையை நேராக்குவோமே, அதே கட்டளை ஆங்கிலத்தில் 'ரைட் டிரெஸ்'. மலாய்க்காரர் 'லுருஸ்', அதாவது 'நேர்', என்று வைத்த இடத்தில் ஆங்கிலேயன் 'டிரெஸ்' என்கிறான்.

தமிழில் இதற்குச் சரியான சாவி 'உடுத்து' இல்லை, 'திருத்து'. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: நிலத்தைத் திருத்துகிறோம், எழுத்தைத் திருத்துகிறோம், வைணவர் வீடுகளில் காய்கறியைக்கூட நறுக்குவது என்று சொல்லாமல் திருத்துவது என்பார்கள். நம் டவுனில் முடிவெட்டுகிற கடைப் பலகையில் முடி திருத்தகம் என்றுதான் எழுதியிருக்கிறது, அதையே ஆங்கிலத்தில் ஹேர் டிரசர் என்கிறார்கள். இரண்டு மொழியும் ஒன்றுக்கொன்று கேட்டுக்கொள்ளாமலே ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம், டிரசருக்கு முன்னால் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள். எதைத் திருத்துகிறார் என்பதை அதுதான் சொல்லும். கல் என்றால் கொத்திச் சமப்படுத்துபவர், தோல் என்றால் பதப்படுத்தி மெருகேற்றுபவர், திராட்சை என்றால் கொடியைக் கவாத்து செய்பவர், ஜன்னல் என்றால் கடை முகப்பைச் சோடிப்பவர். சந்தையில் டிரெஸ் செய்த கோழி என்றால் இறகு பிடுங்கிச் சுத்தம் செய்தது. அலமாரியும் இப்படித்தான்: ஆரம்பத்தில் அது சமையலுக்கு வேண்டியதைத் திருத்தி வைக்கிற மேசை.

முன்னால் ஒன்றுமே இல்லாமல் மருத்துவமனையில் வந்தால் புண்ணைத் திருத்துபவர். லண்டன் ஆஸ்பத்திரிகளில் சர்ஜனுக்குக் கீழே நின்று புண்ணைத் துடைத்துக் கட்டு மாற்றிய பயிற்சிக்காரருக்கு இந்தப் பெயர். கவிஞர் ஜான் கீட்ஸ் 1816-இல் கைஸ் ஆஸ்பத்திரியில் டிரசர்தான். அந்தப் பெயர் கப்பலேறி மலாயாத் தோட்டத்துக்கு வந்தபோது வேலை பல மடங்கு பெருத்துவிட்டது, ஏனென்றால் டாக்டர் எப்போதாவது சுற்றி வருகிறவர், மற்ற நாளெல்லாம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, எல்லாம் டிரசர் தலையில்தான்.

நான் பார்த்தது ஒன்றைச் சொல்கிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தி அம்மாவின் கட்டைவிரலில் இறங்கிய அன்று தாத்தாதான் கட்டினார். ஸ்பிரிட்டில் துடைத்து, ஊதா மருந்து தடவி, துணியைச் சுற்றிக்கொண்டே வந்து, கடைசி நுனியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஒன்றை இப்படியும் மற்றதை அப்படியும் திருப்பி முடிச்சுப் போட்டார். மறுநாள் காலையில் அம்மா அந்தக் கட்டோடுதான் சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

பாருங்கள், புண்ணுக்கும் கட்டு, சேலையும் கட்டு. ஆங்கிலத்தில் 'டிரெஸ்' செய்கிற சிலேடையைத் தமிழில் 'கட்டு' தானாகச் செய்கிறது. இந்தச் சொல்லை வைத்து விளையாட வேண்டுமென்றால் 'உடை' பக்கம் போகாமல் இங்கிருந்து தொடங்குங்கள். நேர்த்தியாக உடுத்துகிறவரையும் ஆங்கிலத்தில் நல்ல டிரசர் என்பதால், 'நன்றாகக் கட்டத் தெரிந்தவர்' என்று ஒரு வரி எழுதினால் வேட்டியும் கட்டும் இரண்டும் அதில் அடங்கிவிடும். அலமாரியின் இழுப்பறைக்கும் உள்ளாடைக்கும் ஆங்கிலத்தில் 'டிராயர்ஸ்' என்று ஒரே பெயர், அதை வைத்து அவர்கள் நிறைய விளையாடுவார்கள், அது தமிழுக்கு வராது, விட்டுவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு எழுத்தில் இருக்கிறது. டி, ஆர், இ, எஸ், எஸ், இ, ஆர் என்று ஏழு எழுத்தையும் தாளில் எழுதுங்கள். கடைசி இரண்டைத் திருப்பிப் போட்டு முன்னால் கொண்டுவாருங்கள். 'ரெட்ரெஸ்' வரும். குறையைத் தீர்ப்பது, மறுபடி சரியாக்குவது என்று அதற்குப் பொருள். ஆங்கிலக் குறுக்கெழுத்தில் 'டிரெஸ்ட்' என்ற சொல்லே சில நேரம் எழுத்தை மாற்றி அடுக்கு என்பதற்கு அடையாளமாக வரும், அங்கேயும் அடுக்கித் திருத்துகிற வேலைதான்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். இன்று மருத்துவமனையில் வேலை பார்க்கிறவரை டிரசர் என்று எழுதாதீர்கள், அவருக்கு வேறு படிப்பு, வேறு பதவிப் பெயர். தோட்டத்து ஆஸ்பத்திரி ஆட்களுக்கான மலேசியாவின் 1965 சட்டத்தின் பெயரிலேயே ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட் என்றுதான் இருக்கிறது, ஆகவே ஒரே ஆளுக்குப் பழைய தாளில் ஒரு பெயரும் பிந்திய தாளில் இன்னொரு பெயரும் இருந்தால் வேலை மாறிவிட்டார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். குடும்ப வரலாறு எழுதினால் டிரசர் என்ற சொல்லை அப்படியே வையுங்கள், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் கூப்பிட்ட பெயர் அது. முதல் தடவை மட்டும் ஒரு வரி விளக்கம் சேருங்கள்.

நானும் அண்ணன் மகளும் படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பென்சிலால் எழுதினோம்: 'இடது ஓரம், தாத்தா. டிரசர், தோட்டத்து ஆஸ்பத்திரி. புண் கட்டுவார், மருந்து கொடுப்பார்.' மருந்து என்பதில் அவள் ஒற்றெழுத்தை விட்டுவிட்டாள், அதையும் திருத்தி மாட்டினோம்.